163 பக்கக் கட்டுரையை என்ன செய்வது?

எங்கள் கணித ஆய்வுக் கட்டுரை எத்தனை பக்கம் என்று சொன்னதும் ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "வெட்டுங்கோ" என்பது ஒரு கட்சி. "பிரிச்சுப் போடுங்கோ" என்பது மற்றது. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பவர் அபூர்வம். 163 என்ற எண் வாயிலிருந்து விழுந்த பிறகு தேற்றம் என்ன, நிறுவல் சரிதானா, அது யாருக்குத் தேவை என்பதெல்லாம் பின்னுக்குப் போய்விடுகிறது. பிழை இருக்கிறது என்று சொன்னால்கூட இவ்வளவு முகம் சுளிக்கமாட்டார்கள். இரண்டு கட்சியிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் இரண்டுமே எனக்கு ஒட்டவில்லை. ஏன் ஒட்டவில்லை என்று கண்டுபிடிக்க நெடுநாள் எடுத்தது.

கணிதத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஆறு பேர் கூடியிருக்கும் எந்த இடத்திலும், ஒருவரையொருவர் அறிந்த மூவரோ ஒருவரையொருவர் அறியாத மூவரோ கட்டாயம் இருப்பார்கள். இதை ஐந்தாறு வரியில் நிறுவிவிடலாம். மூவருக்குப் பதில் நால்வர் வேண்டுமென்றால் 18 பேர் தேவை என்று 1955இல் கிரீன்வுட்டும் கிளீசனும் காட்டினார்கள். ஐவர் என்றால் எத்தனை பேர் தேவை என்பது இன்றுவரை தெரியாது. 43க்குக் குறையாது, 46ஐத் தாண்டாது, அவ்வளவுதான். ராம்சே எண்கள் என்று பெயர். கேள்வி பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும், விடைதான் யாருக்கும் பிடிபடாது. நானும் யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் சக ஆய்வாளரும் எடுத்துக்கொண்டது இந்தக் குடும்பத்தின் ஒரு தூரத்துச் சொந்தம். விடை ஒரு வரிதான். அதை நிறுவ ஐந்து கேஸ் (தனித்தனியே ஆராய வேண்டிய நிலைகள்), அவற்றில் மூன்றாவது கேஸுக்குள் கேஸ், அதற்குள்ளும் கேஸ் என்று கிளைத்து அறுபது பக்கத்தை விழுங்கிவிட்டது. அதை யாரும் ஆசைப்பட்டு எழுதவில்லை. ஒரு கிளையை விட்டுவிட்டால் நிறுவலில் ஓட்டை விழும்.

2020 ஊரடங்கில் தொடங்கியது 2022இலும் முடியவில்லை. அந்த மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு வந்தபோது மூன்றாவது கேஸைப் பேனையால்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அதே மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் தள்ளிப்போயின, சில பத்திரிகைகளின் சனிக்கிழமைப் பதிப்பு அச்சாகவில்லை. அந்தக் காலத்தில்தான் கட்டுரை முழுவதையும் ஒருதரம் தாளில் வைத்து வாசிக்க வேண்டும் என்ற விபரீத ஆசையோடு வெள்ளவத்தையில் ஒரு ஃபோட்டோகொப்பிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கோப்பின் அளவைப் பார்த்துவிட்டு, "மிஸ், முழுக்கவா?" என்றார். விலையைச் சொன்னார். பிறகு எனக்காக இரங்கி, ஒரு பக்கத்தில் இரண்டு பக்கமாகச் சுருக்கித் தரலாம் என்று ஒன்றை அடித்தும் காட்டினார். கீழ்க்குறியில் இருப்பது i-யா j-யா என்று தெரியவில்லை. எங்கள் கட்டுரையில் அந்த வித்தியாசம்தான் பாதி நிறுவல். கடைசியில் முன்னுரை, மூன்றாவது கேஸ், 68ஆம் பக்கம் முதல் 74 வரை உள்ள ஒரு துணைத்தேற்றம் (பெரிய நிறுவலுக்கு உதவும் சிறு தேற்றம்), இவற்றை மட்டும் அச்செடுத்துக்கொண்டு வந்தேன். அந்த ஏழு பக்கத்தை ஏன் தெரிந்தெடுத்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை. மற்ற எல்லா இடத்திலிருந்தும் அதற்குத்தான் திரும்பிப் போக வேண்டியிருந்தது, அதனால் எடுத்தேன்.

நாலாப் பிரிப்பம் அக்கா

பிரிக்கும் கட்சியின் தலைவர் வேறு யாருமல்ல, என் சக ஆய்வாளர்தான். என்னைவிடப் பத்து வயது இளையவர், பதவி இன்னும் உறுதிப்படுத்தப்படாத விரிவுரையாளர். "அக்கா, நாலாப் பிரிப்பம். நாலு சஞ்சிகைக்கு அனுப்பலாம். ரெண்டு பேருக்கும் நாலு கட்டுரை." அவர் கணக்கை நான் இகழமாட்டேன். பதவி உயர்வுப் படிவம் கட்டுரையை எண்ணுகிறது, பக்கத்தை எண்ணுவதில்லை. எட்டுப் பக்கமும் ஒன்று, 163 பக்கமும் ஒன்று. போதாக்குறைக்கு "நீங்கள் முதல் ஆசிரியரா?" என்று ஒரு கட்டம் வேறு. கணிதத்தில் பெயர்களை அகரவரிசையில் போடுவதுதான் வழக்கம், முதலில் வருவது அப்பா வைத்த பெயரின் அதிர்ஷ்டம் என்று அந்தக் கட்டத்துக்குள் எழுத முடியாது.

சரி, பிரித்துத்தான் பார்ப்போம் என்று ஒரு திட்டம் போட்டோம். முதல் பகுதியில் வரைவிலக்கணங்களும் துணைத்தேற்றங்களும். இரண்டாவதில் முதல் இரண்டு கேஸ். மூன்றாவதில் அந்த அறுபது பக்கம். நாலாவதில் மீதியும் முடிவும். பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருந்தது. பிறகு இரண்டாவது பகுதியின் முதன்மைத் தேற்றத்தை அவர் வாட்ஸ்அப்பில் எனக்கு வாசித்துக் காட்டினார். "முதல் பகுதியில் சொன்ன (அ) முதல் (எ) வரையான நிபந்தனைகள் பொருந்தி, மூன்றாவது பகுதியில் ஆராயப்போகும் நிலையும் நாலாவது பகுதியில் ஆராயப்போகும் நிலையும் இல்லாதவிடத்து..." என்று அது தொடங்கியது. வாசித்துக்கொண்டு போனவர் நடுவில் தானே சிரித்துவிட்டார். இதை எந்தச் சஞ்சிகை ஆசிரியர் ஏற்பார்? ஏற்றாலும் எந்த மதிப்பாய்வாளர் மற்ற மூன்றையும் பார்க்காமல் ஒப்புதல் தருவார்? முதல் பகுதி ஒரு சஞ்சிகையில் நிராகரிக்கப்பட்டு மூன்றாவது இன்னொன்றில் வெளிவந்துவிட்டால் அது எதன்மேல் நிற்கும்? "பகுதி II தயாரிப்பில்" என்று அடிக்குறிப்பில் எழுதிவிட்டு இருபது வருடமாகத் தயாரித்துக்கொண்டே இருப்பவர்களை நம் எல்லாருக்கும் தெரியும்.

இதை ஒழுக்கப் பிரச்சினையாக்கிப் பேசுகிறவர்களோடு எனக்கு முழு உடன்பாடில்லை. ஒரு ஆய்வைச் சின்னச் சின்னத் துண்டாக்கி எண்ணிக்கை காட்டுவது தவறுதான். ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் படிவத்தை வைத்துக்கொண்டு இளம் விரிவுரையாளருக்கு ஒழுக்கம் போதிப்பது அதைவிட மோசம். எங்கள் பிரச்சினை வேறு. துண்டாக்கினால் துண்டுகள் உயிரோடு இருக்கவில்லை.

குன்றக் கூறலும் ஒரு குற்றம்தான்

வெட்டும் கட்சிக்குத் தலைவர் எனக்குக் கற்பித்த பேராசிரியர். ஓய்வுபெற்றுத் தெஹிவளையில் இருக்கிறார். தமிழ்மொழி மூலம் கணிதம் படித்த தலைமுறை, நன்னூல் மனப்பாடம். "பிள்ளை, சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல். அழகு பத்தில முதலாவது எது?" என்றார். நானும் விடவில்லை. "சேர், அதே நன்னூலில குற்றம் பத்தில முதலாவது குன்றக் கூறல்" என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டாவது எது, பிள்ளை?" மிகைபடக் கூறல். மூன்றாவது கூறியது கூறல். அதோடு தேநீர் வந்துவிட்டது.

தேநீருக்குப் பிறகு அவர் புத்தகமாகப் போடச் சொன்னார். நீளத்துக்கு இயல்பான வடிவம் அதுதானே. ஆனால் கொழும்பில் ஆய்வாளர் ஒருவர் தன் செலவில் புத்தகம் போடுவதன் முழு வரலாறும் எனக்குத் தெரியும். தேசிய நூலகத்தில் ISBN எடுக்கலாம், அச்சகத்தில் சில நூறு பிரதி அடிக்கலாம், ஒரு வெளியீட்டு விழா வைக்கலாம். பிறகு மீதிப் பிரதிகள் கட்டிலுக்குக் கீழே போகும். அதுவும் பரவாயில்லை. நிறுவலை ஒருவரும் வரிவரியாகச் சரிபார்த்திருக்கமாட்டார்கள் என்பதுதான் எனக்குப் பிரச்சினை. அறுபது பக்கக் கேஸ் பிரிப்பில் எனக்கு வேண்டியது பாராட்டுரை அல்ல, "பக்கம் 112இல் இந்தக் கிளை எங்கே போனது?" என்று கேட்கும் ஒரு முரட்டு மதிப்பாய்வாளர்.

வெட்டுவதைப் பற்றி நான் அவரோடு வாதாடும்போதெல்லாம் மனதில் இருந்தது ராமானுஜன். மெட்ராஸ் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்தவர் கேம்பிரிட்ஜ் போய், 1915இல் உயர்பகு எண்கள் பற்றிய பெரிய கட்டுரையை லண்டன் கணிதக் கழகத்தின் சஞ்சிகையில் வெளியிட்டார். தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்கள் இவை. 12க்கு ஆறு வகுத்திகள், 60க்குப் பன்னிரண்டு. அச்சான கட்டுரையே 60 பக்கத்துக்கு மேல். ஆனால் எழுதியது அதைவிட நீளம். அது போர்க்காலம், கழகத்திடம் காசில்லை. செலவைக் குறைக்க ராமானுஜன் ஒரு பகுதியை எடுத்துவிட்டார். எடுத்த பகுதி அவருடைய கையெழுத்திலேயே கிடந்தது. 1920இல் அவர் இறந்தார். 1988இல் அவருடைய வெளிவராத தாள்களின் நகலோடு அதுவும் வெளிவந்தது. விளக்கக் குறிப்புகளோடு ஒழுங்காக ஒரு சஞ்சிகையில் அச்சானது 1997இல், அவர் பெயரையே கொண்ட ராமானுஜன் ஜர்னலின் முதல் தொகுதியில். அந்த உரைகாரர்களில் ஒருவர் கீ ரொபான். பகா எண்களின் பரவல் பற்றிய, இன்னும் நிறுவப்படாத ரீமன் கருதுகோளோடு வகுத்திகளின் கூட்டுத்தொகையை இணைக்கும் அவருடைய புகழ்பெற்ற முடிவு 1984இல் வந்தது. அதற்கு மிக நெருங்கிய ஒன்று, 1915இல் செலவு மிச்சம் பிடிக்க எடுத்துப்போட்ட பக்கங்களுக்குள் இருந்தது.

ஃபோட்டோகொப்பிக் கடையில் நின்றபோது இந்தக் கதை எனக்கு ஞாபகம் வரவில்லை. வந்திருந்தால் கடன்பட்டாவது முழுக்க அச்செடுத்திருப்பேன். ஆனால் பேராசிரியர் இதற்கும் பதில் வைத்திருந்தார். "ராமானுஜன் எடுத்துவிட்டது நல்லது என்று நான் சொல்லேல்லை. ஆனா எடுத்துவிட்டபடியால்தான் மற்றது அச்சில வந்தது." அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

நீளத்துக்கு முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. 1963இல் ஃபைட், தொம்சன் என்ற இரு கணிதவியலாளரின் 255 பக்க நிறுவல் பசிபிக் ஜர்னல் என்ற கணிதச் சஞ்சிகையின் ஒரு இதழ் முழுவதையும் எடுத்துக்கொண்டது. ஆனால் நான் கூர்ந்து பார்த்தது ஹேல்ஸ் என்ற கணிதவியலாளர் செய்ததை. புறக்கோட்டைப் பழக்கடைக்காரர் தோடம்பழம் அடுக்குகிறாரே, அந்த அடுக்கைவிட நெருக்கமாகச் சம அளவு உருண்டைகளை அடுக்க முடியாது என்பது 1611இலிருந்து நிறுவப்படாமல் கிடந்த கெப்ளர் ஊகம். 1998இல் நிறுவிவிட்டதாக ஹேல்ஸ் அறிவித்தார். பல நூறு பக்கங்களும் கணினிக் கணக்கீடுகளுமாக இருந்த அதைப் பன்னிரண்டு மதிப்பாய்வாளர்கள் வருடக்கணக்காகப் பார்த்து, 99 விழுக்காடு உறுதி என்று சொல்லிக் களைத்துப்போனார்கள். 2005இல் ஆனல்ஸ் ஆஃப் மேத்தமெடிக்ஸில் சுருங்கிய வடிவம் வந்தது. அடுத்த வருடம் முழு வடிவமும் வேறொரு சஞ்சிகையில் கட்டுரைத் தொடராக வந்தது. ஒரே நிறுவல், இரண்டு வீடு. வெட்டுவதா வைப்பதா என்று நாங்கள் மோதிக்கொண்டிருந்தபோது, இரண்டையும் ஒன்றாகச் செய்யலாம் என்று அங்கே காட்டியிருந்தார்கள். எதை எங்கே வைப்பது என்பதுதான் எங்களுக்குப் பிடிபடவில்லை.

71ஆம் பக்கம்

பேராதனையில் எம்ஃபில் செய்யும் ஒரு மாணவி ஒரு பின்னேரம் தொலைபேசியில் வந்தாள். என் சக ஆய்வாளர் எங்கள் வரைவை அவளுக்கு முன்பே அனுப்பியிருக்கிறார், எனக்குத் தெரியாது. "மிஸ், உங்கட 71ஆம் பக்கத்தில இருக்கிற துணைத்தேற்றத்தைப் பாவிச்சிருக்கிறன். அதை எப்பிடிக் குறிப்பிடுறது? இன்னும் வெளிவரேல்லைத்தானே?" அவளுடைய ஆய்வு ராம்சேயே அல்ல, வலையமைப்பு வடிவமைப்பு. எங்கள் முதன்மைத் தேற்றத்துக்கும் அவளுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. மற்றப் பக்கங்களையும் பார்த்தீர்களா என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினாள். "இல்லை மிஸ். தேடல்ல ஒரு சொல்லுப் போட்டன், அந்தப் பக்கம் வந்தது. அதுக்கு முன்னால ரெண்டு பக்கமும் பின்னால ரெண்டு பக்கமும் வாசிச்சன்." மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள். எனக்கோ சந்தோஷம். எங்கள் கட்டுரையை ஒரு வேலைக்காகப் பயன்படுத்திய முதல் ஆள் அவள், அதற்கு அவளுக்கு ஐந்து பக்கம் போதுமாக இருந்தது.

அன்றிரவு நாலு பகுதித் திட்டத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நாங்கள் எழுதிய ஒழுங்கில் பிரித்திருந்தோம்: முதலில் எழுதியது முதல் பகுதி, கடைசியில் எழுதியது கடைசிப் பகுதி. வாசிக்கிறவர் அந்த ஒழுங்கில் வருவதில்லை. முழு நிறுவலையும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை வாசிக்கப்போவது மதிப்பாய்வாளரும், இதே துறையில் ஊறிய இன்னும் சிலரும். அவர்களுக்கு அது ஒரே இடத்தில், ஒரு கிளையும் குறையாமல் வேண்டும். அவர்களுக்குச் சுருக்கித் தருவது உதவியே அல்ல. மறுபுறம், அந்த ஏழு பக்கத் துணைத்தேற்றம் எங்கள் தேற்றத்தைக் கேள்விப்பட்டே இராத ஆட்களுக்குத் தேவைப்படலாம். அவர்களுக்கு 163 பக்கம் ஒரு மதில். ஆக ஒரு வெட்டு தேவைதான். நாலு இடத்தில் அல்ல, ஒரே இடத்தில். நாங்கள் யாரும் கத்தி வைக்க நினைக்காத நடுப்பகுதியில்.

மறுநாள் சொன்னபோது சக ஆய்வாளர் முதலில் கேட்டது, "அப்ப ரெண்டு கட்டுரைதானா அக்கா?" என்றுதான். பிறகு அவரே உற்சாகமாக இறங்கிவிட்டார். துணைத்தேற்றத்தைத் தனியே நிற்கவைக்கும் வேலைதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி. நீண்ட கட்டுரையில் அது எங்கள் நிபந்தனைகள் அத்தனையையும் தலையில் சுமந்துகொண்டு இருந்தது, காரணம் அங்கே எல்லாமே அந்த நிபந்தனைகளோடுதான் வாழ்ந்தன. வெளியே எடுத்துத் தனியே வைத்துப் பார்த்தால் மூன்று நிபந்தனைதான் உண்மையில் தேவை. மற்றவற்றை உதிர்த்ததும் முடிவு இன்னும் பொதுவானதாகிவிட்டது. பேராதனை மாணவி தன் ஆய்வில் இரண்டு நிபந்தனைகளைப் பொருத்தப் பட்டபாடு அவசியமே இல்லாத பாடு. வரைவிலக்கணங்கள், இரண்டு பயன்பாட்டு எடுத்துக்காட்டுகள் என்று சேர்ந்து ஏழு பக்கம் பத்தொன்பதாகியது. நீண்ட கட்டுரையிலும் கூறியது கூறலைத் தேடித் தேடி எடுத்தோம். பேராசிரியர் சொன்னதில் அந்த மூன்றாவது குற்றம் நிறையவே இருந்தது. அதற்குப் பதிலாகத் தொடக்கத்தில் பன்னிரண்டு பக்கத்தில் முழு நிறுவலின் போக்கையும் சொல்லும் ஒரு பகுதியைச் சேர்த்தோம். மூன்றாவது கேஸின் அட்டவணைகள் துணைக்கோப்பாகப் போயின. எல்லாம் முடிய அது 154 பக்கம். இரண்டையும் கூட்டினால் 173. சுருக்கச் சொன்னவர்களுக்கு இந்தக் கணக்கை நான் சொல்வதில்லை.

எங்கே அனுப்புவது என்பது அதன்பிறகு இலகுவாகிவிட்டது. குறைந்தது 80 பக்கம் இருந்தால்தான் பார்ப்போம் என்று சொல்லும் ஒரு இடம் கணிதத்தில் இருக்கிறது. அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் மெமோயர்ஸ், 1950இலிருந்து வருகிறது. புத்தகத்தின் உடம்பு, கட்டுரைக்குரிய மதிப்பாய்வு. நீளத்துக்காக மன்னிப்புக் கேட்காமல் அனுப்பக்கூடிய முகவரி. சிறியது வழமையான ஒரு சஞ்சிகைக்குப் போனது. அனுப்புமுன் இரண்டையும் ஆர்க்கைவ் (arXiv) என்ற ஆய்வுக் கட்டுரைத் தளத்தில் ஏற்றி, ஒன்றிலிருந்து மற்றதைச் சுட்டிக்காட்டினோம். 1991இலிருந்து நடக்கும் அந்தத் தளத்தில் ஏற்றியதை இல்லாமலாக்க முடியாது, பழைய பதிப்புகளும் அப்படியே இருக்கும், அட்டவணைகளையும் கூடவே வைக்கலாம். எங்களைப் போன்றவர்களுக்கு அதில் இன்னொரு வசதி, காசு இல்லை. டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்றறுபதுக்குப் பாய்ந்த வருடத்தில், யாவரும் இலவசமாக வாசிக்க எழுதியவரிடம் கட்டணம் கேட்கும் திறந்த அணுக்கச் சஞ்சிகைகளின் விலைப்பட்டியலை நாங்கள் வேடிக்கைக்குத்தான் பார்த்தோம். பேராதனை மாணவிக்கு இணைப்பை அனுப்பினேன். அன்றே அவள் தன் அடிக்குறிப்பைத் திருத்திவிட்டாள்.

சிறிய கட்டுரைக்கு மதிப்பாய்வு வந்துவிட்டது, சில்லறைத் திருத்தங்கள்தான். பெரியதற்கு மதிப்பாய்வாளரைத் தேடுகிறோம், காலம் எடுக்கும் என்று மெமோயர்ஸ் ஆசிரியரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. எவ்வளவு காலம் என்று அவரும் எழுதவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சக ஆய்வாளரின் படிவத்தில் நாலு வர வேண்டிய இடத்தில் இப்போதைக்கு ஒன்றுதான் வரும். அதில் அவருக்குக் கொஞ்சம் குறை. போன கிழமை தொலைபேசியில் எடுத்து, மூன்றாவது கேஸின் அட்டவணைகளைச் சரிபார்க்கத் தான் எழுதிய நிரலைத் தனிக் கட்டுரையாக்கலாமா என்று கேட்டார். வேறு யாராவது வேறு ஒரு வேலைக்கு அதை எடுப்பார்கள் என்றால் ஆக்கலாம் என்றேன். அப்படி ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறாராம்.